சென்னையைக் கட்டியது கோட்டையா, கோட்டைக்கு வெளியே நடந்த சண்டைகளா?

மண்ணடிக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

ஆகஸ்ட் வந்துவிட்டால் நம் ஊரில் எல்லாரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். 1639 ஆகஸ்ட் 22, பிரான்சிஸ் டே, ஆண்ட்ரூ கோகன், தாமர்லா வெங்கடப்ப நாயக்கர் கொடுத்த கடலோர நிலம், அதன்மேல் எழுந்த கோட்டை. அப்புறம் வரிசையாக கவர்னர்கள். கோட்டைக்கு வெளியே வாழ்ந்த ஆயிரக்கணக்கானவர்கள் இந்தக் கதையில் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மாதிரிதான் தெரிகிறார்கள்.

நான் நினைப்பது வேறு. முதல் நூறு ஆண்டுகளில் கிழக்கிந்தியக் கம்பெனி அப்படி ஒன்றும் பலசாலி இல்லை. அதற்கு வேண்டியது துணி. நெய்ய நெசவாளர் வேண்டும், வெளுக்க வண்ணார் வேண்டும், பூப்போடச் சாயக்காரர் வேண்டும். இங்கே அப்போது துறைமுகமும் கிடையாது. கப்பல் நடுக்கடலில் நிற்கும். கரையிலிருந்து அலையைத் தாண்டி மூட்டையைக் கொண்டுபோக மசூலாப் படகும் அதை ஓட்டத் தெரிந்த கைகளும் வேண்டும். இவர்களில் ஒரு கூட்டம் கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டால் அந்த ஆண்டு வியாபாரமே படுத்துவிடும். கவர்னருக்கு இது நன்றாகத் தெரியும்.

அதனால்தான் வலங்கை, இடங்கைத் தகராறு வந்தபோது அவர் நடுங்கினார். 1652லேயே ஒரு பெரிய மோதல் நடந்து, எந்தத் தெரு யாருக்கு என்று பிரித்துவிட வேண்டியிருந்தது. 1707ல் தாமஸ் பிட் கவர்னராக இருந்தபோது மறுபடியும் வெடித்தது. கல்யாண ஊர்வலம் யார் தெரு வழியாகப் போகலாம் என்பதுதான் பிரச்சினை. பிட் ஒரு பக்கம் சாய்கிறார் என்று பட்டதும் வலங்கைக்காரர்கள் பலர் மூட்டை கட்டிக்கொண்டு சாந்தோமுக்குப் போய்விட்டார்கள். அவர்களைத் திரும்ப அழைத்துவரக் கெஞ்சல், மிரட்டல், பேச்சுவார்த்தை எல்லாம் நடந்தன. கடைசியில் பெத்தநாயக்கன்பேட்டை வலங்கைக்கு, முத்தியால்பேட்டை இடங்கைக்கு என்று ஏற்பாடானது.

இன்றைக்கும் மண்ணடியிலிருந்து பிராட்வேயைத் தாண்டி மேற்கே நடந்துபோனால் கோயில்கள், சத்திரங்கள், தெருப்பெயர்களில் அந்தக் கோடு கொஞ்சம் தெரியும். இடங்கையில் முக்கியமானவர்கள் பேரி செட்டியார்கள். கந்தகோட்டம் அவர்கள் கோயில்.

கோட்டை பட்டணத்தின் ஒரு மூலைதான். மற்றதையெல்லாம் இந்த மாதிரி சண்டைகளும் சமாதானங்களும் வரைந்தன என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

பீரங்கி மேடு

மறுக்கத்தான் வந்தேன், சார். நல்ல எழுத்து, ஆனால் பீரங்கியை ஒரே வரியில் ஒதுக்கிவிட்டீர்கள்.

நீங்கள் சொல்லும் 1652, 1707 தெருப் பிரிவினையெல்லாம் பெரும்பாலும் பழைய கறுப்பர் பட்டணத்தை, அதாவது கோட்டைக்கு வெளியே நம் ஜனங்கள் வாழ்ந்த பகுதியை ஒட்டி நடந்தது. அந்தப் பட்டணம் இப்போது எங்கே? ஹைகோர்ட்டுக்கும் பழைய சட்டக் கல்லூரிக் கட்டடத்துக்கும் அடியில் இருக்கிறது. அதை அழித்தது எந்தச் சாதிச் சண்டையும் இல்லை, பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த போர்.

1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொன்னே கப்பல்களோடு வந்து சில நாளில் கோட்டையைப் பிடித்தார். அடுத்த மாதமே ஆற்காடு நவாபின் மகன் மாபூஸ்கான் பத்தாயிரம் பேர் கொண்ட படையோடு வந்து, அடையாறு முகத்துவாரத்தில் ஆயிரம் பேர்கூட முழுதாக இல்லாத பிரெஞ்சுப் படையிடம் தோற்றார். அந்த ஆயிரத்தில் பெரும்பகுதி ஐரோப்பிய முறையில் பழகிய நம் ஊர்ச் சிப்பாய்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வரிசையாக நின்று மாற்றி மாற்றிச் சுடும் சின்னப் படை, பெரிய குதிரைப்படையை விரட்டிவிடும் என்று அன்றைக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு இந்தியாவில் யார் யாருக்குப் பயப்பட வேண்டும் என்ற கணக்கே மாறிவிட்டது. பட்டினப்பாக்கம் பக்கம் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பிறகு 1748 உடன்படிக்கையில் சென்னையை ஆங்கிலேயருக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். பதிலுக்குப் பிரான்ஸ் வாங்கிக்கொண்டது வட அமெரிக்காவில் இருக்கும் லூயிபூர் கோட்டை. முத்தியால்பேட்டைக்காரரையோ பெத்தநாயக்கன்பேட்டைக்காரரையோ யாரும் கேட்கவில்லை.

கோட்டைச் சுவரை ஒட்டி வீடுகள் இருந்தால் எதிரி அதில் ஒளிந்து சுடுவான் என்பது ராணுவக் கணக்கு. அதனால் பழைய பட்டணத்தைத் தரைமட்டமாக்கினார்கள். பிரெஞ்சுக்காரர் பாதி, திரும்பி வந்த ஆங்கிலேயர் மீதி. சென்னகேசவப் பெருமாள் கோயிலும் அதில் போனது. இப்போது பூக்கடைப் பக்கம் தேவராஜ முதலி தெருவில் இருப்பது அதற்குப் பதிலாகக் கட்டியது, மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று செய்தது. இடித்த இடத்தில் இனி யாரும் கட்டக்கூடாது என்று எல்லைத் தூண்கள் நட்டார்கள். அதில் ஒன்று இன்னும் பாரிமுனையில் பாரி கட்டடத்தை ஒட்டி நிற்கிறது, பார்க்கலாம்.

இதில் எங்கே சமாதானம், எங்கே பேச்சுவார்த்தை?

ராயபுரம் பாஸ்கர்

இரண்டு பேரும் நிறையப் படித்தவர்கள். எனக்கு ஒரு சின்ன சந்தேகம். வலங்கை, இடங்கை என்றால் என்ன? கட்சி மாதிரியா, சாதி மாதிரியா?

தறிநாடா

பாஸ்கர் தம்பி, இரண்டும்தான். பல சாதிகள் சேர்ந்த இரண்டு அணிகள். சோழர் காலக் கல்வெட்டிலேயே வருகிறது. பொதுவாக, நிலத்தோடு சேர்ந்த சாதிகளும் அவர்களை அண்டியவர்களும் வலங்கை. கைத்தொழில், வியாபாரம் செய்தவர்களில் பலர் இடங்கை. கம்மாளர் இடங்கை என்பது பெரும்பாலும் எல்லா ஊரிலும் அப்படித்தான். மற்ற சில சாதிகள் ஊருக்கு ஊர் மாறும். சென்னையில் கோமுட்டிகளும் பலிஜாக்களும் வலங்கைப் பக்கம், பேரி செட்டியார் இடங்கைப் பக்கம். இரண்டு பக்கமும் பெரிய வியாபாரிகள் இருந்ததால் இங்கே அது கம்பெனியின் துணி ஒப்பந்தம் யாருக்கு என்ற போட்டியாகவும் ஆகிவிட்டது. ஊர்வலம், கொடி, பந்தல் எல்லாம் வெளியே தெரிந்த காரணம். ஒப்பந்தம் உள்ளே இருந்த காரணம்.

மண்ணடிக்காரர் நெசவாளரைத் தொட்டுவிட்டு விட்டுவிட்டார். எங்கள் குடும்பத் தொழில் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1734ல் சிந்தாதிரிப்பேட்டை எப்படி வந்தது தெரியுமா? கூவம் வளைகிற இடத்தில் சுங்குராமா என்ற பெரிய வியாபாரியின் தோட்டம் இருந்தது. அவர் ஒரு காலத்தில் கம்பெனியின் தலைமை வணிகர். கவர்னர் மார்ட்டன் பிட் அந்தத் தோட்டத்தை எடுத்து நெசவாளர் கிராமமாக்கினார். நூற்பவர், நெய்பவர், வெளுப்பவர், சாயம் போடுபவர், அவர்களுக்கான கோயில் ஆட்கள் மட்டும் அங்கே குடியேறலாம் என்று ஏற்பாடு. முன்பணம் கொடுத்து வெளியூரிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்தார்கள்.

இதற்கு முன்பே திருவொற்றியூர்ப் பக்கம் காலடிப்பேட்டையும் இப்படித்தான் வந்தது. கவர்னர் காலெட் காலத்தில். வண்ணாரப்பேட்டையில் துணியை வெளுத்துக் காயப்போட பெரிய வெட்டவெளி இருந்தது. இன்றைக்கு அதே ஊரில் எம்.சி. ரோட்டில் புடவை வாங்க இடித்துக்கொண்டு போகிறோம்.

மண்ணடிக்காரர் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லாத இடம் ஒன்று உண்டு. நெசவாளனுக்குத் தன் கையில் பலம் இருந்தது என்றால், அந்தப் பலத்தை உடைக்கத்தான் முன்பணம். கடனில் இருப்பவன் கோபித்துக்கொண்டு சாந்தோமுக்குப் போக முடியாது. முதலில் வியாபாரிகள் வழியாகக் கொடுத்தார்கள். நூற்றாண்டு முடிவதற்குள் கம்பெனி ஆட்களே தறி வாசலில் வந்து நின்று, நெய்வது வேறு யாருக்கும் போகாமல் பார்த்துக்கொண்டார்கள். பலம் இருந்தது, போனது. போன விதத்தையும் சொன்னால்தான் உங்கள் கதை முழுசாகும்.

மண்ணடிக்காரன்

தறிநாடா அம்மா, முன்பணம் பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். என் கட்சிக்கு அது வலு சேர்க்கிறது என்றுதான் சொல்வேன். விட்டுப் போக முடிகிறவனிடம் பேரம் பேசுவார்கள், முடியாதவனுக்கு உத்தரவு போடுவார்கள்.

பீரங்கி மேட்டுக்கு: பட்டணத்தை இடித்தது போர், சரி. இடித்த பிறகு என்ன ஆனது? புதுப் பட்டணம் எங்கே உருவானது? பழைய சண்டையில் பிரித்துக் கொடுத்த அதே முத்தியால்பேட்டையிலும் பெத்தநாயக்கன்பேட்டையிலும்தான். பீரங்கி இடத்தைக் காலி செய்தது. யார் எங்கே உட்காருவது என்பதை முன்னமே பேசி முடித்திருந்தார்கள்.

வால்டாக்ஸ் (மதில் வரி) ரோட்டையும் பாருங்கள். 1759ல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் முற்றுகையில் பட்டணம் கொள்ளை போன பிறகு, வடக்கேயும் மேற்கேயும் மதில் கட்டினார்கள். காண்டிராக்ட் கம்பெனி ஊழியர் பால் பென்ஃபீல்டுக்கு. செலவை ஜனங்களிடம் வரியாக வாங்கலாம் என்று திட்டம். வாங்க முடியவில்லை. சுவரே போய்விட்டது, பழைய வண்ணாரப்பேட்டை மாடிப் பூங்காவில் ஒரு துண்டு மிச்சம். ஆனால் வராத வரியின் பெயரில் ரோடு இருக்கிறது.

பீரங்கி மேடு

அதே பென்ஃபீல்டு நவாபுக்கு வட்டிக்குக் கொடுத்த பணத்தையும் சொல்லுங்கள். சேப்பாக்கம் அரண்மனை 1768ல் வந்தது. கம்பெனியின் கோட்டை நிழலில் இருந்தால் பாதுகாப்பு என்று நினைத்து நவாப் வாலாஜா ஆற்காட்டை விட்டு இங்கே வந்தார். கம்பெனிப் படைக்கான செலவு அவர் தலையில். அதைக் கட்ட கம்பெனி ஆட்களிடமே தனிக்கடன். வட்டி கட்ட, கிராமங்களின் வரியையே அடமானம் வைத்தார். 1801ல் கர்நாடகம் முழுக்கக் கம்பெனி கைக்குப் போனது. பீரங்கி சுடாமலே ஒரு ராஜ்ஜியம் முடிந்தது. இதை நான் அதிகாரம் என்பேன். தெருச்சண்டை இதன் பக்கத்தில் சின்ன விஷயம்.

பெரம்பூர் லோகோ

தெருச்சண்டை சின்ன விஷயம் என்று சொன்னதால் எழுதுகிறேன். 1921க்கு வாருங்கள்.

1918 ஏப்ரல் 27ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் அடித்தளம் போட்டார்கள். பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. உடன் நின்றார். பெரம்பூர் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள்தான் களம். ஆலைகளை நடத்திய பின்னி நிர்வாகம் வாடியா மேல் வழக்குப் போட்டு, தொழிலாளியை வேலைநிறுத்தத்துக்குத் தூண்டக்கூடாது என்று ஹைகோர்ட்டில் தடை வாங்கியது. சங்கம் வைப்பதே சட்டப்படி ஆபத்து என்றானதும் நாடு முழுக்கப் பேச்சு எழுந்தது. 1926ல் தொழிற்சங்கச் சட்டம் வந்ததற்குப் பெரம்பூர் வழக்கு ஒரு முக்கியக் காரணம். இது பெருமைப்பட வேண்டிய பக்கம்.

மற்ற பக்கம் இருக்கிறதே. 1921 ஜூனில் பெரிய வேலைநிறுத்தம். சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் வெளியே நின்றார்கள். ஆதி திராவிடத் தொழிலாளர்கள் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. இரண்டு பக்கமும் அடிதடி, ஆகஸ்டில் போலீஸ் துப்பாக்கிச் சூடு, சாவு. அக்டோபரில் வேலைநிறுத்தம் தோற்று முடிந்தது.

இதை நிறையப் பேர் ‘கருங்காலிகள் காட்டிக் கொடுத்தார்கள்’ என்று ஒரு வரியில் முடிப்பார்கள். எனக்கு அது பொறுக்காது. பட்டறையில் ஒன்றாக வேலை, தெருவில் வந்தால் தண்ணீர்க் குழாய் வேறு. சங்கம் வைக்கும்போது இவர்கள் குறை எத்தனை தடவை பேசப்பட்டது? கையில் நாலு நாள் அரிசி இல்லாதவனை மாதக்கணக்கில் நிற்கச் சொன்னால் எப்படி நிற்பான்? ஆதி திராவிடர் தலைவர் எம்.சி. ராஜா அப்போது அவர்கள் பக்கம் நின்று பேசினார். நீதிக்கட்சியின் பெரிய தலைவர்கள் சாதி இந்துத் தொழிலாளர் பக்கம் சாய்ந்தார்கள். 1923ல் ராஜா கட்சியை விட்டு வெளியேறினார். ஒரு ஆலை வாசல் தகராறு ஒரு மாகாணத்தின் அரசியல் கூட்டணியையே உடைத்திருக்கிறது. பீரங்கி சார், இது சின்ன விஷயமா?

ராயபுரம் பாஸ்கர்

லோகோ அண்ணே, இதெல்லாம் பள்ளிப் புத்தகத்தில் வந்ததே இல்லை. பின்னி மில் என்றால் எனக்குத் தெரிந்தது சினிமாவில் வில்லனை அடிக்கிற இடம்தான்.

பெரம்பூர் லோகோ

1996ல் மூடிய பிறகு அது அந்த வேலைக்குத்தான் ஆனது, தம்பி.

ஈரோடு டு எக்மோர்

எல்லாரும் சண்டையையே பேசுகிறீர்கள். பசியை யார் பேசுவது?

ஸ்டான்லி ஆஸ்பத்திரியைப் பழைய ஆட்கள் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்பார்கள். 1780ல் ஹைதர் அலி படை கர்நாடகச் சமவெளியில் இறங்கியது. வயல்கள் எரிந்தன. ஜனங்கள் பட்டணத்துக்கு ஓடி வந்தார்கள். அடுத்து பஞ்சம். 1782ல் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம் மணியக்காரர் சத்திரம். அதையொட்டி வந்த வைத்தியசாலைதான் பல கை மாறி ஸ்டான்லி ஆனது. போர், பஞ்சம், கஞ்சி, மருத்துவமனை என்று ஒன்றின் வாலைப் பிடித்து ஒன்று வந்திருக்கிறது. இதை எந்தக் கவர்னரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை, வலங்கை இடங்கையும் செய்யவில்லை.

1876 முதல் 1878 வரை வந்த தாது வருஷப் பஞ்சத்தில் மாகாணம் முழுக்க லட்சக்கணக்கில் செத்தார்கள். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்த் துண்டு அப்போது நிவாரண வேலையாக வெட்டியது. பஞ்ச நிவாரணத்தைப் பார்க்க அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் வகுத்த கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம், ஓரணா. மண் சுமக்கிற ஆளுக்கு இது போதுமா என்று அன்றைக்கே மருத்துவர்கள் கேட்டார்கள். இன்றைக்கு அந்தக் கால்வாய்மேல் பறக்கும் ரயில் தூண்கள் நிற்கின்றன. மயிலாப்பூரில் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கிறோம்.

கீழ்ப்பாக்கம் கிளி

இவ்வளவு நீளமான இழையில் ஒரு பெண் பெயர்கூட வரவில்லை, கவனித்தீர்களா? சமூக வாழ்க்கை என்றால் யாருக்கு எங்கே இடம் கிடைத்தது என்பதுதானே. அதிலிருந்தே சொல்கிறேன்.

1916 வாக்கில் டாக்டர் நடேச முதலியார் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் என்று ஒரு விடுதி நடத்தினார். வெளியூரிலிருந்து படிக்க வந்த பிராமணரல்லாத பையன்களுக்குத் தங்கவும் சாப்பிடவும் இடம் கிடைப்பது கஷ்டம் என்பதால். கொள்கை அறிக்கைக்கு முன்னால் அங்கே சோற்றுப் பந்தியும் பாயும் இருந்தன. பின்னால் வந்த நீதிக்கட்சி அரசியலின் ஒரு வேர் அந்த விடுதியில் இருக்கிறது.

1930களின் தொடக்கத்தில் முத்துலட்சுமி ரெட்டி அவ்வை இல்லத்தைத் தொடங்கியதும் இதே மாதிரி காரணத்தால்தான். தேவதாசிக் குடும்பத்திலிருந்து வெளியே வந்த பெண்களை விடுதிகள் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தவர், பொட்டுக்கட்டும் வழக்கம் ஒழியப் போராடியவர். சட்டம் முழுதாக வர 1947 ஆனது. அதுவரை அந்தப் பெண்கள் எங்கே தூங்குவது? அதற்குத்தான் இல்லம். பீரங்கியும் இல்லை, வேலைநிறுத்தமும் இல்லை, பூட்டிய கதவு ஒன்று போதும் வரலாறு நடக்க.

பீரங்கி மேடு

மேடம் சொன்னது புதிது. ஆனால் எல்லாவற்றையும் சமூகம்தான் செய்தது என்று போனால், 1953ல் சென்னை யாருக்கு என்ற சண்டையை எப்படி விளக்குவீர்கள்? தனி ஆந்திர மாநிலம் கேட்டு மயிலாப்பூரில் உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15ல் இறந்தார். ம.பொ.சி. ‘தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்’ என்று நின்றார். முடிவெடுத்தது டெல்லி.

மண்ணடிக்காரன்

டெல்லி அறிவித்தது. தெருவில் கிளர்ச்சி எழுந்ததால் அறிவித்தது. இந்த இரண்டையும் நாம் வருஷம் முழுக்கப் பேசலாம்.

கண்ணகி நகர் பி பிளாக்

இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மண்ணடிக்காரர் ஐயா சொன்ன ஒரு வரி உறுத்தியது: விட்டுப் போக முடிகிறவனிடம் பேரம் பேசுவார்கள் என்று.

எங்கள் ஜனம் கூவக்கரையில் இருந்தது. சிந்தாதிரிப்பேட்டைக்குப் பக்கம்தான், மேலே அந்த அம்மா எழுதிய அதே வளைவு. 1971ல் குடிசை மாற்றுச் சட்டம் வந்தபோது, இருக்கிற இடத்திலேயே மாடி வீடு கட்டித் தரலாம் என்பதுதான் பேச்சு. நிறைய இடத்தில் அப்படிக் கட்டவும் கட்டினார்கள். அப்போது குடிசைக்கு ஓட்டு இருந்தது, எந்தத் தொகுதியில் இருக்கிறது என்பதும் முக்கியமாக இருந்தது. 2000 வாக்கில் காற்று மாறிவிட்டது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, அப்புறம் 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கம். ஆற்றங்கரை ஆபத்து என்றார்கள். ஆபத்துதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதே ஆற்றங்கரையில் பெரிய கட்டடங்கள் நிற்கின்றனவே.

1707ல் அவர்களாகச் சாந்தோமுக்குப் போனார்கள், கவர்னர் பின்னாலேயே ஓடினார். எங்களை லாரியில் ஏற்றி அனுப்பினார்கள், யாரும் பின்னால் வரவில்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் படிப்பாண்டு நடுவில் நின்றது. வீட்டு வேலைக்குப் போன பெண்கள் இரண்டு பஸ் மாறிப் பழைய தெருவுக்கே போய் வந்தார்கள்.

மண்ணடிக்காரன்

தம்பி, நீங்கள் சொல்வதுதான் இந்த இழையில் எனக்குக் கிடைத்த கனமான எதிர்வாதம். என் பதில் இது: அன்றைக்குப் படகோட்டி இல்லாவிட்டால் கப்பல் நிற்கும். இன்றைக்கும் உங்கள் கை இல்லாமல் ஓ.எம்.ஆர். கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடம் ஒன்றுகூடக் காலையில் திறக்காது. துப்புரவு, காவல், கேண்டீன் எல்லாம் யார்? பலம் இருக்கிறது. அதைச் சேர்த்துக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

கண்ணகி நகர் பி பிளாக்

ஐயா, சேர்த்துக் காட்ட எங்களுக்கும் தெரியும். என் அக்கா அந்தக் கட்டடம் ஒன்றில்தான் வேலை செய்கிறார். அவருக்குச் சம்பளம் கொடுப்பது அந்தக் கம்பெனி இல்லை, ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சி. அந்த ஏஜென்சிக்கு மேலே இன்னொரு ஏஜென்சி. பத்துப் பேர் வராமல் நின்றால் மறுநாள் காலை வேனில் வேறு பத்துப் பேர் வந்து இறங்குவார்கள், அவர்களும் எங்கள் நகர்தான், பக்கத்து பிளாக். தறிநாடா அம்மா சொன்ன முன்பணக் கதைதான் எங்களுக்குப் பொருந்தும். மகளிர் குழுக் கடன், வாரா வாரம் தவணை. தவணை இருக்கிறவர் எத்தனை நாள் நிற்பார்?

பெரம்பூர் லோகோ

1921ல் புளியந்தோப்பில் இருந்தவர்களிடம் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். தம்பி, அந்த ஏஜென்சி விஷயத்தைத் தனி இழையாகத் தொடங்குங்கள். ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 1970லிருந்து 2025 வரை இருந்தது, அதில் முதன்மை முதலாளியின் பொறுப்பு என்று ஒரு பிரிவு உண்டு. சம்பளத்தை ஒப்பந்தக்காரர் கொடுக்காவிட்டால் கட்டடத்துக்காரர்தான் கொடுக்க வேண்டும். சங்கத்தில் இருந்தபோது அதை வைத்து வழக்கு நடத்தியிருக்கிறோம், விவரமாக எழுதுகிறேன்.